எல்லாத்துக்கும் ஒரே ரிமோட்

ஏம்மா, அந்த வயரைப் போட்டு அப்படி அழுத்தாத, ஒடைஞ்சி கிடைஞ்சி போவப்போவுது. பாதி உள்ளாற போயி நிக்குதுன்னா வயர் மேல தப்பு கெடையாது. ஓட்டைல ஏதோ அடைச்சிக்கிட்டிருக்குது. போனைத் திருப்பு. ஜன்னல் பக்கம் காட்டு. தோ, பாத்தியா, அடியில சாம்பல் கலர்ல தெரியுது பாரு. கைப்பைல போட்டு வெப்ப, பைல இருக்கற நூலும் தூசியும் எங்க போவும், அதுலதான் போவும். என்கிட்ட ஊக்கு இருக்குது, வளையல்ல மாட்டியிருக்கேன். இப்ப வேணாம், வண்டி தூக்கித் தூக்கிப் போடுது. டீக்கு நிறுத்துவான் இல்ல, அப்ப தரேன். ஓடற வண்டில குத்தினா உள்ள இருக்கற தகடு நெளிஞ்சிடும்.

இந்தம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கற. நான் எட்டாவதும்மா. பேஷண்ட் பாத்துக்கற வேலை. அஞ்சலாட்சின்னு பேரு, பண்ருட்டி பக்கம். ஏஜென்சில சொல்லி அனுப்புவாங்க, போவேன். இப்ப சிதம்பரம் போறேன், அங்க ஒரு அம்மா இடுப்பெலும்பு ஒடைஞ்சி கெடக்குதாம். இதுக்கு முன்னாடி கொரட்டூர்ல ஒரு ஐயா. மூணு வருஷம் நாலு மாசம். அந்த வீட்லதான் இந்த ஓட்டை சமாச்சாரமெல்லாம் கத்துக்கிட்டேன். இருபது நாள் கத்துக்கிட்டேன்.

ஐயா பேரு தணிகாசலம். சர்வே ஆபீஸ்ல படம் வரையறவரா இருந்தவரு. ஏரி, வாய்க்கா, எல்லைக்கல்லு எல்லாத்தையும் காயிதத்துல கோடு கோடா போடுவாராம். அவரு போட்ட படம் ஒண்ணு ஹால்ல கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும். மயிரிழை மாதிரி கோடு, ஒரு எடத்துலகூட ஒதறல் இருக்காது. அந்த மனுஷனுக்குத்தான் கை வெளங்காம பூடுச்சி. எடது பக்கம் மொத்தமும் போச்சி. வலது பக்கம் முழங்கைக்குக் கீழதான் அசையும், அதுலயும் ஒழுங்கா வேலை செய்யறது கட்டைவிரல்தான். பேச்சும் கெடையாது. ம்-னு ஒரு சத்தம் வரும், அவ்ளோதான்.

அவரு சம்சாரம் நான் போறதுக்கு முன்னாடியே தவறிட்டாங்க. ஒரே புள்ள, கந்தவேல் தம்பி, கனடாவுல. நல்ல புள்ள. தெனம் காலைல ஏழு மணிக்கு வீடியோல வந்துடும். அப்பா சாப்ட்டாரா, போனாரா, தூங்கினாரான்னு வரிசையா கேக்கும். நானும் வரிசையா சொல்லிடுவேன்.

ஐயா எப்படிப் பேசுவாருன்னா, கட்டில் ஓரத்துக் கம்பில கட்டைவிரலால தட்டுவாரு. ஒரு தட்டுன்னா தண்ணி. ரெண்டுன்னா பொரட்டிப் படுக்க வெக்கணும். மூணுன்னா பெட்பேன். இது யாரும் சொல்லிக் குடுக்கல, நாங்களே பழகிக்கிட்டது. நாலுன்னு ஒண்ணு உண்டு. அது எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. சாயந்தரம் வெளக்கு வெக்கற நேரத்துல தட்டுவாரு. கைவேலையைப் போட்டுட்டு ஓடுவேன். தண்ணியா ஐயா? இல்ல. பொரட்டணுமா? இல்ல. பாத்துக்கிட்டே இருப்பாரு. சரின்னு பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காருவேன். கண்ணை மூடிக்குவாரு. ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குக் கூப்புட்டாருன்னு நான் பாட்டுக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

ஏஜென்சி மேடம் சொல்லும், பேஷண்ட் மேல பாசம் வெக்காதீங்க, வேலை மேல வெய்யுங்கன்னு. எனக்கு அது தானா வந்துடுச்சி. இவரோட ஏழு பேரைப் பாத்துட்டேன். அஞ்சு பேரு என் கையிலயே போயிட்டாங்க. மொத ஆளு போனப்ப மூணு நாள் சோறு எறங்கல. அஞ்சாவது ஆளு போன அன்னிக்கு சாயந்தரமே காபி போட்டுக் குடிச்சேன். சக்கரை பத்தலன்னு இன்னும் கொஞ்சம் போட்டுக்கிட்டேன். அப்படி ஆயிடுச்சி. கல்லு மாதிரின்னு சொல்லுவாங்க, அப்படிக்கூட இல்ல. ஒண்ணும் இல்லாம இருக்கும்.

சரி, ரிமோட்டு கதைக்கு வரேன்.

புரட்டாசி கடைசில கனடாவுலேருந்து ஒரு பெட்டி வந்துச்சி. பிரிச்சா ஒரு ரிமோட்டு. கறுப்பா, பெரிய பெரிய பட்டனா இருந்துச்சி. தம்பி வீடியோல சொல்லிச்சி, அக்கா, இது எல்லாத்துக்கும் ஒரே ரிமோட். டிவி, ஃபேன், ஏசி, லைட்டு, கட்டில் தூக்கறது எறக்கறது, எல்லாம் இது ஒண்ணுலயே. அப்பாக்கு ஒரு கட்டைவிரல் போதும். செவப்பு பட்டனை அழுத்தினா கீழ வாட்ச்மேனுக்குப் போன் போவும். இனிமே அப்பா யாரையும் எதிர்பாக்க வேணாம்.

யாரையும்னா என்னைத்தான். தம்பி ஒண்ணும் ஒளிச்சி வெக்கல. மொகத்துக்கு நேராவே சொல்லிச்சி. அக்கா, இது செட் ஆயிட்டா முழு நேர ஆள் தேவைப்படாது. காலைல ரெண்டு மணி நேரம், சாயந்தரம் ஒரு மணி நேரம் ஒருத்தர் வந்தா போதும். நீங்களும் எத்தனை நாள்தான் இப்படி அடைஞ்சி கெடப்பீங்க, ஊர்ல பொண்ணு வீட்ல போயி இருக்கலாம்ல. நல்ல மனசோடதான் சொல்லிச்சி. நானும் சரிங்க தம்பின்னுட்டேன். எனக்கு என்ன, இந்த வீடு இல்லன்னா இன்னொரு வீடு. கட்டிலுக்குக் கீழ பாய் போட எங்கயும் எடம் உண்டு.

ஐயா கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தாரு. காது நல்லா கேக்கும் அவருக்கு.

ஆனா வந்த உடனே வேலை செய்யற சாமான் இல்ல அது. வயர் மாட்டி கம்ப்யூட்டர்ல சொருவணும். எந்தப் பட்டன் எதுக்குன்னு கம்ப்யூட்டர் வழியா அதுக்குச் சொல்லிக் குடுக்கணும். ஐயா ரூம்ல இருக்கற கம்ப்யூட்டரைத் தம்பி கனடாவுலேருந்தே ஓட்டும். நான் கையே வெக்க மாட்டேன், அம்புக்குறி தானா நகந்துக்கிட்டு திரியும். ரிமோட்டை மட்டும் நான் மாட்டணும். மாட்டினா டிங்-னு ஒரு சத்தம் வருமாம், வந்துச்சின்னா கம்ப்யூட்டரு அத்தக் கண்டுக்கிச்சின்னு அர்த்தம். ஆயுத பூசை நெருங்குது, பூசை முடிச்சி விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சா நல்லதுன்னு தம்பி வீட்டுக்காரம்மா சொல்லிச்சி. சரின்னு பெட்டிலயே வெச்சிட்டேன்.

ஆயுத பூசைக்கு ஐயா வீட்ல வருஷா வருஷம் ஒரு பழக்கம். சாமானுக்கெல்லாம் ஐயா கையாலதான் பொட்டு வெக்கணும். வீட்டுக்குப் பெரியவரு இல்லியா. நான் சந்தனத்தைக் கொழைச்சி கிண்ணத்துல வெச்சிட்டு ஒவ்வொரு சாமானா எடுத்தாந்து அவரு விரலுக்குக் கிட்ட காட்டுவேன். அருவாமனை, மிக்சி மூடி, பிரஷர் பாக்கற மிஷினு, அவரு பழைய பேனா பெட்டி, கம்ப்யூட்டர் எலி, இருக்கற நாலு ரிமோட்டு. அன்னிக்கும் அப்படித்தான். கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டு, நடு மத்தியில, சின்னதா, உருண்டையா வெச்சாரு. அது மேல நான் குங்குமம் வெச்சிக்கிட்டே வந்தேன்.

கடைசியா இந்தப் புது ரிமோட்டு. அதுக்கு மட்டும் சரியா வெக்க வரல. நான் மேல் பக்கம் காட்டறேன், அவரு விரலால நெம்பித் திருப்பறாரு. அடிப்பக்கத்துல, வயர் மாட்ற எடம் இருக்குதே, அங்க போயி அழுத்தறாரு. மறுபடி சந்தனத்தைத் தொட்டாரு, மறுபடி அங்கயே அழுத்தினாரு. மூணு தடவை. போதும் ஐயா, பொட்டு ஒண்ணு போதும்னு நான்தான் வாங்கி வெச்சேன். கடைசி சாமான் இல்லியா, கை ஓய்ஞ்சி போயிருக்கும் பாவம். மறுநாள் எல்லாத்தையும் ஈரத்துணியால தொடச்சேன். அதையும் தொடச்சேன், மேலாக்க.

விஜயதசமி காலைல ஏழு மணிக்குத் தம்பி வந்துச்சி. மாட்டுங்கக்கான்னுச்சி. மாட்டினேன். ரிமோட்டுல செவப்பு வெளக்கு எரிஞ்சிச்சி. சத்தம் வரல.

எடுத்து மறுபடி மாட்டுங்க. மாட்டினேன். வரல. கம்ப்யூட்டரை அணைச்சிப் போடுங்க. போட்டேன். வரல. பின்னாடி இருக்கற ஓட்டைல சொருவுங்க. மேசைக்கு அடியில போயி, ஒட்டடைல மூஞ்சியை வெச்சிக்கிட்டு சொருவினேன். வரல. வெளக்கு எரியுதுங்கறீங்க, அப்புறம் ஏங்க வரல? எனக்கு எப்படித் தெரியும் தம்பி. நாளைக்குப் பாக்கலாம். சரி.

மறுநாள், இது வயர் கோளாறுன்னுச்சி. வயர்ல ரெண்டு தினுசு இருக்குதாம்மா. ஒண்ணு சார்ஜ் மட்டும் ஏத்தும், இன்னொண்ணு சேதியும் கொண்டு போவும். பாக்க ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும். பெட்டில வந்த வயரை எலி கடிச்சிருக்குமோ, பக்கத்து வீட்ல வாங்கிப் போடுங்கன்னுச்சி. போட்டேன். வரல. எலக்ட்ரானிக் சாமானெல்லாம் விக்கற ரிச்சி தெருவுக்குப் போங்கன்னுச்சி. பக்கத்து வீட்டம்மாவை ஐயா கிட்ட உக்கார வெச்சிட்டுப் போனேன். சேதி போற வயரு குடுங்கன்னு கேட்டேன், கடைக்காரரு சிரிச்சாரு, ஆனா சரியா எடுத்துக் குடுத்தாரு. வந்து மாட்டினேன். செவப்பு வெளக்கு. சத்தம் இல்ல.

இப்படியே போச்சி. தெனம் காலைல ஏழு மணிக்கு இதே வேலை. அம்புக்குறி அங்கயும் இங்கயும் ஓடும், என்னென்னமோ தொறக்கும், மூடும். ஏதோ ஒண்ணை எறக்கி ஏத்தணும்னு தம்பி சொல்லும், அது பச்சைக் கோடா ஏறி நிக்கும். இப்ப மாட்டுங்கக்கா. மாட்டுவேன். கழட்டுங்க. கழட்டுவேன். ஐயா கட்டில்லேருந்து பாத்துக்கிட்டிருப்பாரு. அம்புக்குறியைப் பாப்பாரு, என் கையைப் பாப்பாரு. வரலீங்க தம்பின்னு நான் சொன்னதும் கண்ணை மூடிக்குவாரு.

ஒண்ணு சொல்லணும், அந்த நாள்ல ஐயா நல்லா சாப்ட்டாரு. ரெண்டு இட்லி சாப்பிடறவரு மூணு சாப்ட்டாரு. நாலு தட்டு தட்டறதும் அதிகமாச்சி. மத்தியானமே தட்டுவாரு. நான் தம்பி கிட்ட சொன்னேன், இந்த ரிமோட்டு வந்ததுலேருந்து அப்பாக்கு ஒரே உற்சாகம் தம்பி, அதுக்காகவாச்சும் எப்படியாவது சரி பண்ணிடலாம்னு. தம்பிக்குக் கண்ணு கலங்கிடுச்சி.

ஆனா போகப் போக தம்பி பேச்சு மாறிடுச்சி. மொதல்ல அக்கா அக்கான்னு கெஞ்சினது, அப்புறம், சரியா மாட்றீங்களா இல்லியா, கேமராவைக் காட்டுங்கன்னு ஆரம்பிச்சிச்சி. காட்டினேன். எதையாவது மேல போட்டீங்களா, தண்ணி கொட்டினீங்களான்னுச்சி. இல்லன்னேன். ஒரு நாள் அதும் வீட்டுக்காரம்மா பின்னாலேருந்து பேசறது கேட்டுச்சி. அது செட் ஆயிட்டா அவங்களுக்கு வேலை போயிடும்ல, அவங்க எப்படிங்க மாட்டுவாங்கன்னு. மெதுவாத்தான் சொல்லிச்சி. எனக்குத்தான் கேட்டுத் தொலைச்சிடுச்சி.

அன்னிக்கு எனக்கு வந்துச்சி பாரு ஒரு இது. கோவம்னுகூட சொல்ல முடியாது. மூணு வருஷம் நாலு மாசத்துல ஐயா முதுவுல ஒரு புண்ணு வர விட்டதில்ல நான். ஒரு புண்ணு. எந்த டாக்டரு வந்தாலும் பொரட்டிப் பாத்துட்டு யாரு பாத்துக்கறதுன்னு கேப்பாங்க. என்னைப் போயி வேணும்னே பண்றேன்னா? சரி, இத மாட்டிக் காட்டிட்டுத்தான் மறுவேலைன்னு நெனச்சிக்கிட்டேன். இதுல சத்தம் வந்துடுச்சின்னா நான் போயிடணும்னு தெரியும். தெரிஞ்சிதான். எனக்கு நான் போறது பெருசில்ல, என் பேரு கெடக்கூடாது. தம்பி கூப்பிடாத நேரத்துலயும் நானே மாட்டி மாட்டிப் பாத்தேன். சோறு வடிய விட்டுட்டு வந்து மாட்டுவேன், துணி காயப்போட்டுட்டு வந்து மாட்டுவேன். ஐயா தட்டுவாரு. இருங்க ஐயா, வரேன், இத்தப் பாத்துட்டு வரேம்பேன். பல நாளு அவரு தட்டினதுக்கு நான் போகவேயில்ல, கம்ப்யூட்டர் கிட்டயே கெடந்தேன்.

தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்னாடி நானே போயி ஆளைக் கூட்டியாந்தேன். மெயின் ரோட்டுல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை, முனிரத்தினம்னு ஒருத்தரு. வந்தாரு. கம்ப்யூட்டரைத் தொடவே இல்ல. ரிமோட்டைக் கையில எடுத்தாரு, வயரை மாட்டிப் பாத்தாரு, கழட்டினாரு. போன் வெளிச்சத்தை அடிச்சி ஓட்டைக்குள்ள பாத்தாரு. பாத்துட்டு, என்னம்மா இது, உள்ள மஞ்சளா இருக்குதுன்னாரு. வயரு முழுசா போய் உக்காரல, நுனி பட்டு சார்ஜ் மட்டும் ஏறுது, சேதி போற எடம் அடைச்சிக்கிட்டிருக்குது. ஊக்கு இருக்குதான்னாரு. என் வளையல்ல இருந்ததைக் கழட்டிக் குடுத்தேன். தோ, இதே ஊக்குதான். நெம்பி நெம்பி எடுத்தாரு. காஞ்ச சந்தனம். பொடிப் பொடியா வெள்ளைத் துண்டு மேல விழுந்துச்சி. வாசனை இன்னும் இருந்துச்சி.

அவ்ளோதான். மாட்டினாரு. டிங்.

இருபது நாளா காத்துக்கிட்டிருந்த சத்தம். அது வந்ததும் எனக்கு ஒண்ணுமே தோணல. ஐயா பக்கம் திரும்பினேன். அவரு என்னைப் பாக்கல, மேல ஃபேனைப் பாத்துக்கிட்டிருந்தாரு.

தம்பிக்கு வீடியோ போட்டோம். சந்தனம்னதும் தம்பி மொகம் மாறிடுச்சி. யாருங்க சந்தனத்தை அங்க வெச்சதுன்னுச்சி. பூசைக்கு வெச்சது தம்பின்னேன். அதான் யாரு வெச்சது, தெரிஞ்சா வெச்சீங்க, தெரியாம வெச்சீங்களான்னுச்சி. முனிரத்தினம் இருக்கறாரு, பக்கத்து வீட்டம்மா இருக்குது. ஐயாதான் வெச்சாருன்னு எப்படிச் சொல்றது? வெளங்காத கையை வெச்சிக்கிட்டு ஆசையா பொட்டு வெச்ச மனுஷனைக் காட்டிக் குடுக்க முடியுமா? நான்தான் தம்பி, கவனிக்கலன்னேன். அப்ப ஐயா ம், ம்-னு சத்தம் போட ஆரம்பிச்சிட்டாரு. கையைத் தூக்கறாரு. மூணு வருஷத்துல அவ்ளோ ஒசரம் அந்தக் கை தூக்கி நான் பாத்ததில்ல. கட்டைவிரலை நீட்டி நீட்டிக் காட்டறாரு, தன் நெஞ்சுப் பக்கம் திருப்பறாரு, மறுபடி காட்டறாரு. தம்பி அதப் பாத்ததும் சிரிச்சிடுச்சி. பாருங்க, அப்பாவே சூப்பர்னு சொல்லிட்டாரு, சரி விடுங்கக்கா, வேலை ஆச்சில்லன்னுச்சி. கோவமெல்லாம் பூடுச்சி தம்பிக்கு.

அப்புறம் அரை மணி நேரம் அம்புக்குறி ஓடிச்சி. எல்லாப் பட்டனுக்கும் சொல்லிக் குடுத்துடுச்சி. ரிமோட்டை ஒரு கயித்துல கட்டி ஐயா கைகிட்ட கம்பில தொங்க விட்டேன். ஃபேனைப் போடுங்கப்பான்னு தம்பி சொல்லுது. ஐயா அசையல. அப்பா, அந்த நீலப் பட்டன். அசையல. கூச்சப்படறாரு போலன்னு நான்தான் அவரு விரலைப் புடிச்சி பட்டன் மேல வெச்சி அழுத்தினேன். ஃபேன் சுத்திச்சி. அங்க கனடாவுல புள்ளைங்க எல்லாம் கை தட்டிச்சி.

தீபாவளி கழிச்சி மூணாம் நாள் கெளம்பினேன். புதுசா வரப்போற பொண்ணுக்கு எல்லாத்தையும் ஒரு காயிதத்துல எழுதி வெச்சேன். எந்த மாத்திரை எப்ப, எந்தப் பக்கம் படுக்க வெக்கணும், தட்டறதுக்கு என்ன அர்த்தம். நாலு தட்டுக்கு என்ன எழுதறதுன்னு தெரியல, விட்டுட்டேன். ஐயா காலைல தொடச்சி விட்டதும் தண்ணில கொழைச்ச திருநீறு வெச்சிக்குவாரு. நான் முழங்கையைத் தாங்கிப் புடிச்சா அவரே நெத்தில இழுத்துக்குவாரு. அதையும் எழுதினேன். திருநீறுக் கிண்ணம் கை எட்டற எடத்துலயே இருக்கணும், மறக்கக்கூடாதுன்னு அடியில கோடு போட்டேன்.

பையை வாசல்ல வெச்சிட்டு உள்ள வந்து, போயிட்டு வரேன் ஐயா, திருநீறு வெச்சி விடுங்கன்னு கட்டில் ஓரமா குனிஞ்சேன். நெத்தியை அவரு கைகிட்ட கொண்டு போனேன். கிண்ணத்தைத் தொட்டாரு. நான் முழங்கையைத் தாங்கல, என் கை ரெண்டும் கும்புட்டுக்கிட்டிருந்துச்சி. வெச்சாரு. அப்புறம் லிஃப்டுக் கண்ணாடில பாத்தேன், நடு நெத்தில, உருண்டையா, அளவெடுத்தாப்பல. சுத்தி ஒரு துளிகூட வழியல. அன்னிக்குன்னு பாத்து கை எப்படி அவ்ளோ நிதானமா வந்துச்சோ, போ.

வாசலைத் தாண்டறப்ப கம்பில தட்டற சத்தம் கேட்டுச்சி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நின்னேன். லிஃப்டு வந்துடுச்சிம்மா. ஒரு தடவை விட்டா அது மேல ஏழாவது மாடி போயிட்டுத்தான் வரும். போயிட்டேன்.

அப்புறம் பத்து நாளு ஏஜென்சி ரூம்ல கெடந்தேன். வேற வீடு வர வரைக்கும் அங்கதான் இருக்கணும். சும்மாதான் உக்காந்திருந்தேன். சாயந்தரமானா யாராவது கதவைத் தட்டினாக்கூட எழுந்துடுவேன், மூணு வருஷப் பழக்கம். முந்தாநேத்து தம்பி போன் பண்ணிச்சி. அக்கா, ரிமோட் திரும்ப செத்துப் போச்சி. சார்ஜும் ஏறல, கம்ப்யூட்டரும் கண்டுக்கல. புதுப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல. அன்னிக்கு உங்க மேல கோவப்பட்டது தப்புதான், இப்ப நீங்கதான் சொல்லணும்னுச்சி. அது கேட்டதும் எனக்கு மனசு ஆறிப் போச்சி. கேட்டாங்க பாத்தியா, என்கிட்டயே.

தம்பி, கம்ப்யூட்டரை விடுங்க, அந்தப் பொண்ணை ஓட்டைக்குள்ள பாக்கச் சொல்லுங்கன்னேன். பாத்துச்சி. வெள்ளையா இருக்குதாம். சந்தனம் இல்ல, திருநீறு. கொழைச்ச திருநீறு உள்ள போயி சிமெண்டு மாதிரி காஞ்சி கெடக்குதாம். கிண்ணம் பக்கத்துலயே இருக்குது, ரிமோட்டு பக்கத்துலயே தொங்குது, கை தவறிப் போயிருக்கும்னேன். ஊக்கால பைய நெம்பச் சொல்லுங்க தம்பி, குத்தக் கூடாது, நெம்பணும். போன்லயே ஒவ்வொண்ணா சொன்னேன். அந்தப் பொண்ணு செஞ்சிச்சி. டிங்-னு சத்தம் எனக்கே கேட்டுச்சி, போன் வழியா.

தம்பிக்கு ஒரே சந்தோஷம். இனிமே இப்படி ஆகாம இருக்க என்னக்கா பண்றதுன்னு கேட்டுச்சி. ஒண்ணுமில்ல தம்பி, அந்தக் கிண்ணத்தை எடுத்து எட்ட வெச்சிடச் சொல்லுங்க, அலமாரி மேலன்னு சொன்னேன். வெச்சிட்டாங்களாம். ரொம்ப தேங்க்ஸ்க்கான்னு மெசேஜு வந்துச்சி, கை கும்புடற படம் போட்டு.

என்ன கேட்ட? வேணும்னேவா?

யாரு, ஐயாவா? அவரு எதுக்கும்மா வேணும்னே பண்ணப்போறாரு. அவருக்காக வாங்கினது, அவரு புள்ள வாங்கினது. படிச்ச மனுஷன். சும்மா எதையாவது கேக்காத. கை நிதானம் இல்ல, அவ்ளோதான். கோடு போட்ட கைதான், ஒரு ஒதறல் இல்லாம போட்ட கைதான், ஆனா அது அந்தக் காலம். இப்ப...

நடு நெத்தில வெச்சாரு எனக்கு.

இரு. நீ பாட்டுக்குக் கேட்டுட்ட.

கிண்ணத்தை எட்ட வெக்கச் சொன்னது நான்தாம்மா. அத யாரும் என்கிட்ட கேக்கக்கூட இல்ல, நானா சொன்னேன். இப்ப அவரு நெத்தில யாரு வெச்சி விடுவாங்க? அந்தப் பொண்ணு காலைல ரெண்டு மணி நேரம் ஓடற ஓட்டத்துல அலமாரிலேருந்து எடுத்தா வெக்கும்? வெறும் நெத்தியாத்தான் படுத்திருப்பாரு. மூணு வருஷத்துல ஒரு நாள் வெறும் நெத்தியா விட்டதில்ல நான். அத நெனச்சா மட்டும் இங்க என்னமோ அடைக்குது. காலைலேருந்து அடைச்சிக்கிட்டுதான் இருக்குது. பசின்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்.

வண்டி நின்னுடுச்சி பாரு. ஊக்கு இந்தா. வெளிச்சத்துல வெச்சி நெம்பு. பைய. ஆ, வருது பாரு, எவ்ளோ பஞ்சு! இன்னும் ஒண்ணு இருக்குது ஓரத்துல. ஊது. இப்ப வயரை மாட்டு.

ஏறுதா?

ஏறுதில்ல. சரி, ஊக்கைக் குடும்மா.